லோரிக்குப் பின்னால் ஒரு மோட்டார்: ‘அவுட்பேஸ்’ என்ற ஆங்கில வினையைக் கையாள முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து கோலசிலாங்கூர் போகும் சாலையில் செம்பனை (எண்ணெய்ப் பனை)க் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. (வரைபடத்தில் இப்போது பெஸ்தாரி ஜெயா. எங்கள் வாயில் இன்னும் பத்தாங்தான்.) ஒருநாள் டியூஷனில் அந்தச் சாலையைப் பலகையில் வரைந்தேன். லோரி நாற்பதில் ஊர்கிறது. இருநூறு மீட்டர் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் எழுபதில் வருகிறது.

“இப்போ யாரு முன்னால?”

“லோரி சார்.”

“யாரு வேகம்?”

“மோட்டார் சார்.”

“அப்ப மோட்டார் லோரிய அவுட்பேஸ் பண்ணுதா, இல்லையா?”

ஐந்தாம் படிவப் பையன் ஒருவன் சட்டென்று சொன்னான்: “இன்னும் பொத்தோங் பண்ணலையே சார்!”

எல்லாரும் தடுக்கி விழும் இடம் அதுதான். பொத்தோங் பண்ணுவது, அதாவது ஓவர்டேக் செய்வது, ஒரு நொடியில் நடந்து முடியும் காரியம். லோரியின் முன்சக்கரத்தைத் தாண்டியதும் முடிந்தது. அவுட்பேஸ் அப்படியல்ல, அது வேகத்தைப் பற்றிய சொல். பின்னால் இருப்பவரும் முன்னால் இருப்பவரை அவுட்பேஸ் செய்யலாம். இது பிடிபட்டுவிட்டால் மிச்சமெல்லாம் சில்லறை வேலை. இந்த வழிகாட்டியும் இதைச் சுற்றித்தான் போகும்.

முதல் படி: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

‘பேஸ்’ என்றால் நடை, நடையின் வேகம். லத்தீனில் காலடியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘அவுட்’ சில வினைகளின் முன்னால் ஒட்டும்போது ‘வெளியே’ என்ற பொருளை விட்டுவிட்டு, ‘அந்தக் காரியத்தில் மற்றவரை விஞ்சு’ என்ற பொருளைக் கொடுக்கும். ஓட்டத்தில் விஞ்சினால் அவுட்ரன், எண்ணிக்கையில் விஞ்சினால் அவுட்நம்பர், ஆயுளில் விஞ்சினால் அவுட்லிவ். நடையின் வேகத்தில் விஞ்சினால் அவுட்பேஸ்.

எல்லா ‘அவுட்’டும் இப்படி வேலை செய்யாது. அவுட்சோர்ஸ் என்றால் வேலையை வெளியாருக்குக் கொடுப்பது. அதில் யாரும் யாரையும் விஞ்சவில்லை.

தமிழில் இதற்கு நேரான ஒற்றைச் சொல் தேட வேண்டாம். ‘முந்து’ என்று பெயர்த்தால் ஓவர்டேக்கோடு குழம்பும். ‘மிஞ்சு’ என்றால் அளவில் கூடியதாகிவிடும். ‘வேகத்தில் விஞ்சு’ என்று இரண்டு சொல்லாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘வேகத்தில்’ என்பதை விட்டுவிட்டால் பாதித் தவறு அங்கேயே தொடங்கிவிடும்.

இரண்டாம் படி: இரண்டு பக்கமும் நகர்கிறதா என்று பாருங்கள்

டியூஷன் எடுக்க வருவதற்கு முன் ஒரு தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தேன். பிரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடத்தில்) பெயர் பதிவது, உரக் கணக்கு, மாதக் கடைசியில் ஆங்கிலத்தில் அறிக்கை. ஒரு மாதம் லோரி பழுதுபார்த்த செலவு ஒதுக்கிய 5,000 வெள்ளியைத் தாண்டிவிட்டது. முதல்நாள்தான் ஏதோ ஒரு பத்திரிகையில் இந்தச் சொல்லைப் பார்த்திருந்தேன், கை அரித்தது. “ரிப்பேர் காஸ்ட் அவுட்பேஸ்ட் ஃபைவ் தவுசண்ட் ரிங்கிட்” என்று எழுதி அனுப்பினேன். தாள் திரும்பி வந்தபோது அவுட்பேஸ்ட் மேல் சிவப்பு வட்டம், பக்கத்தில் மானேஜர் கையெழுத்தில் ஒரு கேள்வி: ஐயாயிரம் வெள்ளி எத்தனை மைல் வேகத்தில் ஓடியது?

அன்று கோபம் வந்தது. ஆனால் அந்த ஒரு வரியைவிடத் தெளிவாக இந்தச் சொல்லை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 5,000 என்பது நட்டுவைத்த எல்லைக்கல். அதைத் தாண்டலாம், அதற்கு எக்ஸீட் என்ற வினை இருக்கிறது. ஆனால் கல்லோடு ஓட்டப்பந்தயம் வைக்க முடியாது. அவுட்பேஸுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டும் ஓடவோ வளரவோ ஏறவோ வேண்டும். “ரிப்பேர் செலவு வருமானத்தை அவுட்பேஸ் செய்கிறது” என்றால் சரி, ஏனென்றால் வருமானமும் மாதத்துக்கு மாதம் நகர்வதுதான்.

அதனால் வாக்கியம் எழுதும் முன் இரண்டு பெயரையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அம்புக்குறி போடுங்கள். ஒன்றுக்கு அம்பு போட முடியவில்லையா, வேறு வினை தேடுங்கள். தேவையும் வரத்தும், விலைவாசியும் சம்பளமும், மக்கள்தொகையும் வீடுகளும், தொழில்நுட்பமும் சட்டமும் என்று ஆங்கிலச் செய்திகளில் இந்த வினையோடு ஜோடி சேர்வதெல்லாம் இந்தச் சோதனையில் தேறும்.

“என் தம்பி உயரத்தில் என்னை அவுட்பேஸ் செய்கிறான்” என்று ஒரு மாணவி எழுதினாள். இன்று அவன் உயரம், இன்று அவள் உயரம் என்று இரண்டு அளவை ஒப்பிடுகிறாள். அதற்கு ‘டாலர் தேன்’, அதாவது ‘என்னைவிட உயரம்’ என்பதில் வரும் அந்த ‘விட’, போதும். அவன் ஓராண்டில் பத்து சென்டிமீட்டர் வளர்ந்து இவள் மூன்று வளர்ந்தாள் என்றால், அந்த வளர்ச்சிகளுக்கு நடுவே அவுட்பேஸ் வரலாம். மதிப்பெண்ணும் அப்படித்தான். இவனுக்கு 80, அவனுக்கு 90 என்பது அவுட்பேஸ் ஆகாது.

மூன்றாம் படி: ‘தேன்’ ஊற்றாதீர்கள்

நான் திருத்திய தாள்களில் பத்துக்கு ஆறிலாவது இந்தத் தவறு இருக்கும்: “டிமாண்ட் அவுட்பேஸ்ட் தேன் சப்ளை.”

காரணம் நம் நாக்கிலேயே இருக்கிறது. ‘வரத்தைவிடத் தேவை வேகமாக ஏறியது’ என்று தமிழில் நினைக்கிறோம். அந்த ‘விட’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘தேன்’ ஆகிவிடுகிறது. மலாயில் நினைத்தாலும் ‘லெபே சப்பாட் டரிபாடா’ என்று அதே பள்ளத்தில்தான் விழுவோம். ஆனால் அவுட்பேஸில் அந்த ‘விட’ ஏற்கெனவே ‘அவுட்’டாக உள்ளே இருக்கிறது. தேன் சேர்ப்பது, சீனி போட்ட தேத்தண்ணியில் இன்னொரு கரண்டி சீனி போடுவது மாதிரி.

வினை முடிந்ததும் எதிராளி நேராக வந்து நிற்கவேண்டும்: “டிமாண்ட் அவுட்பேஸ்ட் சப்ளை.” நடுவில் தேன் இல்லை, டூ இல்லை, ஓவர் இல்லை. எதிராளி இல்லாமலும் நிறுத்த முடியாது. “டிமாண்ட் இஸ் அவுட்பேஸிங்” என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் யாரை என்ற கேள்வி தொங்கும். தமிழில் ‘ஐ’ உருபு கேட்கும் வினை என்று நினைத்துக்கொள்ளுங்கள், வரத்தை விஞ்சியது, சம்பளத்தை விஞ்சியது. ‘ஐ’ வரை போய் நின்றுவிடுங்கள், ‘விட’ வரை போகவேண்டாம்.

நான்காம் படி: வேகமா, இடமா?

இதற்கு எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது 1917-ல், தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் ஆன்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அப்போது நாடே பால்மரத்தின், அதாவது ரப்பரின், பின்னால் நின்றது. 1877-ல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் சில கோலகங்சாரில் ஊன்றப்பட்டு, நாற்பது ஆண்டுக்குள் மலாயாவின் முகத்தையே மாற்றியிருந்தன.

செம்பனை நெடுங்காலம் ஓரத்தில்தான் கிடந்தது. 1960-ல் மலாயாவில் செம்பனை ஏறக்குறைய 55,000 ஹெக்டர், ரப்பரோ 15 லட்சம் ஹெக்டருக்கு மேல். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் யானையும் ஆட்டுக்குட்டியும். பிறகு ரப்பர் விலை ஆடியது, செயற்கை ரப்பர் நெருக்கியது, பெல்டா என்ற அரசு நில மேம்பாட்டு அமைப்பின் திட்டங்களில் செம்பனை பரவலாக நடப்பட்டது. அடுத்த பத்து ஆண்டில் செம்பனைப் பரப்பு நாலு மடங்கைத் தாண்டியது. ரப்பர் அந்த வேகத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

1960-களைப் பற்றி எழுதும்போது “ஆயில் பாம் ஓவர்டுக் ரப்பர்” என்று எழுதினால் வரலாற்றுப் பிழை. ரப்பர்தான் அப்போதும் பெரியது. “ஆயில் பாம் ப்ளாண்டிங் அவுட்பேஸ்ட் ரப்பர் ப்ளாண்டிங்” என்று எழுதினால் சரி. 1980-களின் இரண்டாம் பாதியில்தான் செம்பனைப் பரப்பு ரப்பர் பரப்பைத் தாண்டியது. அந்த இடத்தில் ஓவர்டுக் போடுங்கள். இருபது ஆண்டுக்கு மேலாக அவுட்பேஸ் செய்துகொண்டே வந்து, கடைசியில் ஒருநாள் ஓவர்டேக். இன்று செம்பனை 50 லட்சம் ஹெக்டருக்கு மேல். எங்கள் பக்கம் பால்மரம் பார்க்கவேண்டுமென்றால் பிள்ளைகளை மோட்டாரில் ஏற்றித் தேடிப் போகவேண்டும். பால் பிடிக்கும் மங்கு என்றால் என்னவென்று கேட்கிறார்கள்.

அதே கதை நமக்கும் திரும்பி வந்தது. செம்பனை எண்ணெயில் பல காலம் மலேசியாதான் உலகில் முதலிடம். இந்தோனேசியா பின்னால் இருந்துகொண்டே நம்மைவிட வேகமாக நட்டுக்கொண்டு வந்து, 2000-களின் நடுவில் தாண்டிப் போனது. தாண்டுவதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு ஒரு வினை, தாண்டிய ஆண்டுக்கு இன்னொரு வினை.

ஒரு எச்சரிக்கை. ஓட்டப்பந்தயம், கார்ப்பந்தயம் போன்ற நேரடி ஓட்டத்தில் அவுட்பேஸ்ட் என்று இறந்தகாலத்தில் எழுதினால், கேட்பவர் பெரும்பாலும் ‘பின்னால் விட்டுவிட்டார்’ என்றே எடுத்துக்கொள்வார். வளர்ச்சி, விலை, எண்ணிக்கை பற்றிய பேச்சில்தான் யார் முன்னால் என்ற கேள்வி தனியாகத் திறந்து நிற்கும்.

ஐந்தாம் படி: வெள்ளியா, விழுக்காடா?

மேற்கு மலேசியாவில் 2013-ல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 900 வெள்ளி என்று தொடங்கியது. 2022-ல் 1,500 ஆனது. 2025 பிப்ரவரியில் 1,700. கடைசி ஏற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 200 வெள்ளி, விழுக்காட்டில் 13.3.

இப்போது நான் கற்பனையாக ஒரு குடும்பத்தை வைக்கிறேன். அதே காலத்தில் அவர்கள் வாடகை 300-லிருந்து 360-க்கு ஏறுகிறது. ஏற்றம் 60 வெள்ளிதான், ஆனால் விழுக்காட்டில் 20. “ரெண்ட் அவுட்பேஸ்ட் வேஜஸ்” என்று எழுதலாமா?

எழுதலாம். ஆங்கிலச் செய்திகளில் அவுட்பேஸ் பெரும்பாலும் விழுக்காட்டு வேகத்தைத்தான் பேசும். 20 என்பது 13.3-ஐ விஞ்சிவிட்டது. ஆனால் இதைப் படிப்பவர் குடும்பம் நொடித்துப்போனதாக நினைப்பார். வாடகை போக முன்பு கையில் 1,200 மிஞ்சியது, இப்போது 1,340 மிஞ்சுகிறது. சாப்பாடு, பெட்ரோல், பிள்ளைகளின் செலவு எல்லாம் எவ்வளவு ஏறியது என்று தெரியாமல் குடும்பம் கெட்டதா தேறியதா என்று இந்த ஒரு வினையை வைத்துச் சொல்லமுடியாது.

ஆகவே இரண்டு காரியம் செய்யுங்கள். எழுதும்போது எந்த அளவுகோல் என்று பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள், ‘இன் பர்சண்டேஜ் டெர்ம்ஸ்’ என்று மூன்று சொல் போதும். படிக்கும்போது இந்த வினையைக் கண்டதும் தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று தேடுங்கள். இரண்டு பேர் இருந்த வகுப்பு நாலு பேர் ஆனால் நூறு விழுக்காடு வளர்ச்சி. என் சனிக்கிழமை வகுப்பு அப்படித்தான் ஒரு காலத்தில் நாட்டின் பொருளாதாரத்தையே அவுட்பேஸ் செய்தது.

ஆறாம் படி: எதை எதோடு?

“தி க்ரோத் ஆஃப் ஆயில் பாம் அவுட்பேஸ்ட் ரப்பர்.” பார்க்கச் சரிபோல இருக்கும், பத்திரிகைகளிலும் வரும். ஆனால் வளர்ச்சி ஒரு பக்கம், மரம் இன்னொரு பக்கம். தமிழிலும் ‘செம்பனையின் வளர்ச்சி ரப்பரை விஞ்சியது’ என்பதைவிட ‘ரப்பரின் வளர்ச்சியை விஞ்சியது’ என்பதுதான் நேர். ஆங்கிலத்தில் வளர்ச்சி என்ற சொல்லைத் திரும்ப எழுதாமலிருக்க ‘தட்’ என்ற குட்டிச்சொல் உதவும்: “தி க்ரோத் ஆஃப் ஆயில் பாம் அவுட்பேஸ்ட் தட் ஆஃப் ரப்பர்.” திருத்துகிறவர் கண்ணில் இந்தத் தட் உடனே படும்.

ஏழாம் படி: உருவமும் ஒலியும்

நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமை எழுவாய் வந்தால் அவுட்பேஸஸ், கடைசி ‘ஸஸ்’ஸை விழுங்காதீர்கள். தொடர்ந்து நடப்பதற்கு அவுட்பேஸிங். இறந்தகாலம் அவுட்பேஸ்ட், பல் துலக்கும் பேஸ்ட் போலவே ஒலிக்கும், எழுத்துதான் வேறு. முன்பு தொடங்கி இன்றுவரை நீள்வதற்கு ‘ஹேஸ் அவுட்பேஸ்ட்’, ‘ஹேவ் அவுட்பேஸ்ட்’.

‘பே’ பேனாவில் வரும் ‘பே’. பஸ்ஸில் வரும் ‘ப’ அல்ல. அழுத்தம் அதன் மேல்தான் விழவேண்டும், அவுட்-பேஸ் என்று இரண்டாம் பாதியில். அவுட்ரன், அவுட்லிவ் எல்லாம் இப்படித்தான். பெயர்ச்சொல்லாக வரும் அவுட்புட், அவுட்லெட் போன்றவற்றில் அழுத்தம் முதல் பாதிக்கு மாறிவிடும். வாய்மொழித் தேர்வில் நம் பிள்ளைகள் இரண்டையும் ஒரே தட்டாகத் தட்டுவார்கள்.

எட்டாம் படி: பங்காளிகளைப் பிரித்து வையுங்கள்

அவுட்க்ரோ என்றால் வளர்ச்சியில் விஞ்சுவது என்று நினைத்து எழுதுவார்கள். சில இடங்களில் அந்தப் பொருளும் உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சில் அது ‘வளர்ந்து, பழையது பற்றாமல் போவது’. ஜனவரியில் வாங்கிய பள்ளிச் சிலுவார் ஜூனில் கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கிறதே, பையன் அதை அவுட்க்ரோ செய்துவிட்டான். அவுட்பேஸ் செய்யவில்லை, சிலுவார் ஓடவில்லை.

அவுட்ஸ்ட்ரிப் என்று சொன்னால் பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பும். ஆடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவுட்பேஸுக்கு மிக நெருங்கிய பங்காளி, ஆனால் கொஞ்சம் முரட்டு ஆள். பெரிய இடைவெளியில் விஞ்சினால் பொருந்தும், அளவு கூடியதற்கும் வரும்.

அவுட்ரன், அவுட்லாஸ்ட் இரண்டுக்கும் நம்மவர் ஒருவர் கதை போதும். ‘பறக்கும் டாக்டர்’ என்று பெயர்பெற்ற எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 வரை நின்றது. கைருல் ஹாஃபிஸ் ஜந்தான் 20.90-ல் அதை உடைத்தார். கைருல் ஜெகதீசனை அவுட்ரன் செய்தார் என்று எழுதக்கூடாது, இருவரும் ஒரே தடத்தில் ஓடவில்லை. சாதனையை ‘ப்ரோக்’ செய்தார், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாதனை பல தலைமுறை ஓட்டக்காரர்களை அவுட்லாஸ்ட் செய்தது, 49 ஆண்டு நீடித்தது, என்று தாராளமாக எழுதலாம்.

ஒன்பதாம் படி: கொஞ்சம் மெருகு

எவ்வளவு விஞ்சியது என்று சொல்ல ‘பை’ வரும்: “பை த்ரீ பர்சண்ட்”. வினைக்கு முன்னால் ஃபார், ஈஸிலி, கன்ஸிஸ்டண்ட்லி பொருந்தி உட்காரும். ‘வெரி’ உட்காராது. தோற்ற பக்கத்தை முன்னால் வைக்கவேண்டுமானால் திருப்பிப் போடுங்கள்: “வேஜஸ் வேர் அவுட்பேஸ்ட் பை ப்ரைஸஸ்.” சம்பளத்தைப் பற்றிய பத்தியில் சம்பளம் முதலில் வர இது வசதி. மற்றபடி நேர்வாக்கியமே நல்லது.

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில், ஆங்கிலம் 1119 எழுத்துத்தாளின் மூன்றாம் பகுதியில் கட்டுரையோ அறிக்கையோ எடுத்தால் இந்த வினைக்கு இடம் கிடைக்கும். ஒரு முறை போடுங்கள். மூன்று முறை போட்டால் நேற்று மனப்பாடம் செய்தது தெரிந்துவிடும். முதல் பகுதியில் நண்பனுக்கு எழுதும் மின்னஞ்சலில் வேண்டாம். கூட்டாளிக்கு யாரும் அவுட்பேஸ் என்று எழுதமாட்டார்கள், ‘ஃபாஸ்டர் தேன்’ என்றுதான் எழுதுவார்கள். அங்கே தேன் ஊற்றலாம்.

பத்தாம் படி: கையை ஓட்டுங்கள்

உங்களைச் சுற்றி நகர்கிற ஐந்து ஜோடியைத் தேடுங்கள். பத்தாங் கடைத்தெருவில் பத்து நிமிடம் நின்றால் கிடைக்கும்: கோப்பி விலையும் ரொட்டிச் சானாய் விலையும், புதுத் தாமான் வீடுகளும் சாலை அகலமும், தமிழ்ப்பள்ளிக்கு வரும் பிள்ளைகளும் ஊரைவிட்டுப் போகும் குடும்பங்களும். ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி போட்டு, யார் முன்னால், யார் வேகம் என்ற இரண்டு கேள்விக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிவிட்டு, பிறகு வாக்கியம் எழுதுங்கள். சத்தமாகப் படித்து, ‘தேன்’ இருந்தால் அடித்துவிடுங்கள்.

‘இன்னும் பொத்தோங் பண்ணலையே’ என்ற பையன் அடுத்த வாரம் தன் ஐந்தையும் கொண்டுவந்தான். நாலில் தேன் இல்லை, ஒன்றில் இருந்தது. ஐந்தாவது வாக்கியம் இது: “மை அப்பெடைட் இஸ் அவுட்பேஸிங் மை மதர்ஸ் குக்கிங்.” அம்மா சமைக்கும் வேகத்தைவிட என் பசி வேகமாக ஏறுகிறது. இரண்டு அம்பு, நேரான எதிராளி, தேன் இல்லை. அதை மட்டும் பலகையில் எழுதி வைத்தேன்.